மாசி, பங்குனியில் ஏரிக்கரைப் பறவைகள்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, ஏரி வற்றிச் சேறான ஓரத்தில் மேயும் பழுப்பு உள்ளான்கள் எல்லாம் எனக்கு ஒன்றுபோலவே தெரிகின்றன. எதை வைத்துப் பிரிப்பது?

பதில்: பெரும்பாலும் குழப்புவது மூன்று இனங்கள். இந்த மாதங்களில் இறகு மாறிக்கொண்டிருக்கும் என்பதால் நிறத்தை நம்ப வேண்டாம். முதலில் தோளைப் பாருங்கள். மடக்கிய இறக்கைக்கு முன்னால் மார்பின் வெள்ளை ஓர் ஆப்புபோல மேலேறியிருந்தால் அது சாதா உள்ளான். நிற்கும்போதும் பின்பக்கத்தை ஓயாமல் ஆட்டும். எழுந்தால் தண்ணீரை ஒட்டியே, இறக்கையை விறைப்பாக வைத்து, விட்டு விட்டு அடித்துப் போகும்.

தோளில் வெள்ளை இல்லையென்றால் புருவத்துக்குப் போங்கள். வெள்ளைப் புருவம் கண்ணைத் தாண்டிப் பின்னால் நீண்டு, முதுகில் பொறி நிறைந்து, கால் மஞ்சளாக இருந்தால் பொறி உள்ளான். புருவம் கண்ணுக்கு முன்னாலேயே முடிந்து, முதுகு கருத்திருந்தால் கையேடுகளில் கிரீன் சாண்ட்பைப்பர் என்றிருக்கும் இனம். சந்தேகம் தீரவில்லையா, அதுவாகப் பறக்கும்வரை காத்திருங்கள். பொறி உள்ளானுக்கு இறக்கையின் அடிப்பக்கம் வெளிறியிருக்கும், மற்றதற்குக் கிட்டத்தட்டக் கறுப்பு. பறக்க வைப்பதற்காகக் கல் எறிபவர்களும் இருக்கிறார்கள். நெடும்பயணத்துக்குக் கொழுப்பு சேர்க்கிற நேரம் இது, அதைக் கெடுக்காதீர்கள்.

கேள்வி: வயலில் மாட்டுக்குப் பின்னால் போகும் கொக்குகளில் சிலவற்றுக்குத் தலையும் கழுத்தும் ஆரஞ்சு. வேறு இனமா?

பதில்: இல்லை, உண்ணிக்கொக்கேதான். இனப்பெருக்க கால இறகு. எல்லாமே ஒரே நாளில் மாறுவதில்லை, அதனால் கூட்டத்தில் வெள்ளையும் ஆரஞ்சும் கலந்து நிற்கும். மடையானும் இப்படித்தான்: மங்கிய பழுப்பு முதுகு அடர்ந்த செம்பழுப்பாகிவிடும்.

கேள்வி: அடிவயிறு மஞ்சளான வாலாட்டியைப் பார்த்து மஞ்சள் வாலாட்டி என்று எழுதிவிட்டேன். சரிதானா?

பதில்: அடிவயிற்று மஞ்சளை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, சாம்பல் வாலாட்டிக்கும் அங்கே மஞ்சள் உண்டு. காலைப் பாருங்கள். கறுப்புக் கால், பச்சை கலந்த முதுகு என்றால் மஞ்சள் வாலாட்டி. இளஞ்சிவப்புக் கால், சாம்பல் முதுகு, உடலுக்குப் பொருந்தாத நீளத்தில் வால் என்றால் சாம்பல் வாலாட்டி. அதன் ஆணுக்குப் புறப்படும் முன் தொண்டை கறுக்கத் தொடங்கும்.

கேள்வி: பைனாகுலர் 8x42 வாங்குவதா, 10x50 வாங்குவதா? இப்போது இருப்பதில் ஒரு கண்ணுக்கு மங்கலாகவே தெரிகிறது.

பதில்: நடந்துகொண்டே பார்ப்பவருக்கு 8x42 (முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, அடுத்தது முன் லென்ஸின் அகலம் மில்லிமீட்டரில்). பத்து மடங்கில் கை நடுக்கமும் பத்து மடங்காகும், கனமும் கூடும். மங்கல் பழுதாக இருக்க வேண்டியதில்லை, இரு கண்களின் பார்வை வித்தியாசத்தை ஈடுசெய்யும் டயாப்டர் வளையத்தைச் சரிசெய்யாமல் விட்டிருப்பீர்கள். அசையாத பொருள் ஒன்றைத் தேர்ந்து, வலக்கண் பக்க லென்ஸை மூடி, இடக்கண்ணால் நடுச்சக்கரத்தைத் திருப்பித் தெளிவாக்குங்கள். பிறகு இடப்பக்கத்தை மூடி, நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலக்கண் குழலில் உள்ள அந்த வளையத்தை மட்டும் திருப்புங்கள். அந்த அளவை நினைவில் வையுங்கள், பைக்குள் உரசி நகர்ந்துவிடும். கண்ணாடி அணிபவர் கண்குவளையை முழுக்க இறக்கிக்கொள்ள வேண்டும்.

கேள்வி: குரலை வைத்துப் பறவையைச் சொல்லும் மெர்லின் செயலி வல்லூறு குரல் என்று காட்டியது, கம்பியில் கரிச்சான்தான் இருந்தது.

பதில்: செயலியைக் குறை சொல்ல முடியாது. கரிச்சான் வல்லூறைப்போலக் கத்தும். மைனாக்கள் பயந்து எழும்போது இரையைத் தட்டிப் பறிக்க அது உதவும். கண்ணால் பார்க்காததைச் செயலியின் பேச்சை மட்டும் கேட்டுப் பதிய வேண்டாம்.

கேள்வி: சாயங்காலம் சூறைக்குருவிகள் ஆயிரக்கணக்கில் போகின்றன. பார்த்த பறவைகளைப் பதியும் இபேர்ட் தளத்தில் எண்ணிக்கை எப்படிப் போடுவது?

பதில்: சுழலும் கூட்டத்தை எண்ண முயலாதீர்கள். அடையப் போகும் வரிசையைப் பிடியுங்கள். ஒரு பனைமரத்தைக் கோடாக வைத்து, முதல் 50 பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணினால் 50 எவ்வளவு இடம் அடைக்கும் என்று கண்ணுக்குப் பழகும். பிறகு அந்த அளவில் எத்தனை திரள் மரத்தைக் கடக்கிறது என்று எண்ணுங்கள். கூட்டத்தின் நடுவில் நெருக்கம் அதிகம், பெரும்பாலோர் குறைத்தே மதிப்பிடுவது அங்கேதான். எண்ணுக்குப் பதில், இருந்தது என்று மட்டும் குறிக்கும் எக்ஸ் (X) போடுவதைவிட நிதானமான மதிப்பீடு மேல்.

கேள்வி: நீலச்சிறகி வாத்துகள் போன வாரம் நிறைய இருந்தன, இன்று ஒன்றுகூட இல்லை. பதிய ஏதாவது உண்டா?

பதில்: கட்டாயம். கண்டதும் கேட்டதுமான எல்லாப் பறவைகளையும் சேர்த்து முழுப் பட்டியலாகக் கொடுத்தால், அதில் நீலச்சிறகி இல்லாததே ஒரு தகவல். கடைசியாக எப்போது கிளம்பின என்பது இப்படித்தான் தெரியவரும்.

கேள்வி: ஆள்காட்டி தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றுகிறது. முட்டையைப் படமெடுக்கலாமா அண்ணா?

பதில்: வேண்டாம் தம்பி. அது கத்தினால் அங்கேயே நின்று காலடியைப் பாருங்கள். வெறுந்தரைக் குழியில் கல்லோடு கல்லாக, வழக்கமாக 4 முட்டை இருக்கும், மிதித்தபிறகுதான் தெரியும். வந்த வழியிலேயே திரும்புங்கள். உச்சி வெயிலில் தாய்ப்பறவை வயிற்று இறகை நனைத்து வந்து முட்டையைக் குளிர்விக்கும். நீங்கள் அங்கே நிற்கும்வரை அது இறங்காது. நீங்கள் குனிந்த இடத்தைக் காகமும் பார்த்துக்கொண்டிருக்கும்.