கடல்நீரிலும் வண்டலிலும் கதிரியக்கம் அளப்பது: கேள்வி பதில்

கேள்வி: கைகர் கருவி வாங்கியிருக்கிறேன். கடல்நீரின் மேல் பிடித்தால் மாசு தெரியுமா?

பதில்: தெரியாது. ஒரு லிட்டர் கடல்நீரில் இயற்கையான பொட்டாசியம்-40 மட்டுமே ஏறக்குறைய 12 பெக்கரல் இருக்கிறது. அதாவது நொடிக்குப் பன்னிரண்டு அணுக்கள் சிதைகின்றன. நாம் தேடும் சீசியம்-137, அதாவது அணுகுண்டுச் சோதனைகளிலும் அணு உலை விபத்துகளிலும் வெளியான கதிரியக்கச் சீசியம், பெரும்பாலான கடல்களில் லிட்டருக்குச் சில மில்லிபெக்கரல்தான் (பெக்கரலில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதுவும் கைகர் கருவி சிதைவுகளை எண்ணுமே தவிர, எந்தத் தனிமத்திலிருந்து வந்தது என்று சொல்லாது.

கேள்வி: அப்படியானால் ஆய்வகத்தில் எப்படிப் பிடிக்கிறார்கள்?

பதில்: முதலில் செறிவாக்க வேண்டும். பல பத்து லிட்டர் நீரை எடுத்து, தனிமங்கள் கேனின் சுவரில் ஒட்டாமலிருக்க அமிலம் சேர்ப்பார்கள். அப்புறம் கதிரியக்கமற்ற சீசியம் ஓர் அறிந்த அளவு, கூடவே அமோனியம் பாஸ்போமாலிப்டேட் என்ற மஞ்சள் தூள். அந்தத் தூள் சீசியத்தைப் பற்றிக்கொண்டு அடியில் படியும். பொட்டாசியத்தில் பெரும்பகுதி நீரிலேயே நின்றுவிடும். சேர்த்த சீசியத்தில் எவ்வளவு திரும்பக் கிடைத்தது என்று பார்த்து இழப்பைத் திருத்துவார்கள். இதைச் செய்யாத அளவீட்டை நான் நம்பமாட்டேன். கடைசியில் ஈயக் கவசத்துக்குள் இருக்கும் ஜெர்மானியம் காமா உணர்கருவியில் ஒரு நாளோ அதற்கு மேலோ வைத்தால் சீசியம்-137-இன் அடையாளமான 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் சின்னதாக ஒரு முகடு எழும்.

கேள்வி: அந்தச் சீசியம் பழைய குண்டுச் சோதனையிலிருந்தா, புதிய விபத்திலிருந்தா?

பதில்: சீசியம்-134 உடன் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் புதியது. அதன் அரை ஆயுள் (பாதியாகக் குறையும் காலம்) சுமார் 2 ஆண்டுதான், 137-க்கு 30. 2011 ஃபுகுஷிமா விபத்துக்குப் பின் பசிபிக் நீரை அடையாளம் கண்டது இப்படித்தான். இப்போது அந்த 134 ஏறக்குறைய தீர்ந்துவிட்டது.

கேள்வி: அருகருகே எடுத்த இரண்டு வண்டல் மாதிரிகளில் சீசியம் பல மடங்கு வேறுபடுகிறது. கசிவா?

பதில்: அவசரப்பட வேண்டாம். முதலில் துகள் அளவைப் பாருங்கள். களிமண் சீசியத்தை இறுகப் பிடிக்கும், மணல் பிடிக்காது. சேறும் மணலும் ஒப்பிடத் தக்கவை அல்ல.

கேள்வி: உலர்த்திய வண்டலை மூடி மூன்று வாரம் ஏன் வைக்கிறார்கள்?

பதில்: ரேடியம்-226-க்காக. அதிலிருந்து வரும் ரேடான் வாயு தப்பாமல், அது சிதைந்து உருவாகும் வழித்தோன்றல்கள் ரேடியத்தோடு சமநிலைக்கு வர அவ்வளவு காலம் வேண்டும்; ரேடியத்தை அவற்றின் காமா கதிரை வைத்துத்தான் அளப்பார்கள். சீசியம் மட்டும் போதுமென்றால் காத்திருக்கத் தேவையில்லை.

கேள்வி: டிரிட்டியத்தையும் (கதிரியக்க ஹைட்ரஜன்) அதே காமா கருவியில் பார்க்கலாமா?

பதில்: முடியாது, அது காமா கதிர் விடுவதில்லை. நீரைக் காய்ச்சி வடித்து, ஒளிரும் திரவத்தோடு கலந்து அந்த மினுக்கலை எண்ண வேண்டும்.