எய்பாரை யார் காப்பாற்றினார்கள்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எய்பார் அணி 2014ல் ஸ்பெயின் கால்பந்தின் முதல் டிவிஷனுக்கு வந்ததிலிருந்து அந்த ஊர்மேல் எனக்குப் பைத்தியம். துப்பாக்கி செய்த ஊர் என்பதுதான் உறுத்துகிறது. ஒரே தொழிலை நம்பிய எங்கள் ஊர்ப் பட்டறைகளில் இப்போது ஆர்டர் இல்லை. எய்பார் முதலாளிகள் மாதிரி நாங்களும் பொருளை மாற்றினால் பிழைக்கலாமா? அடுத்த வருடம் அங்கே போக ஆசை. என்ன பார்க்கலாம்?

கே.

அன்புள்ள கே.,

என்ன பார்க்கலாம் என்று சொல்ல இணையத்தில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கால்பந்தை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள். துப்பாக்கி உறுத்தினால் உறுத்தட்டும். முதல் உலகப்போரில் பிரெஞ்சு ராணுவத்துக்கு ரூபி கைத்துப்பாக்கிகளைச் செய்து குவித்த பள்ளத்தாக்கு அது. அதை மறைத்துவிட்டு அந்த ஊரை நேசிக்க முடியாது.

ஆனால் ‘எய்பார் முதலாளிகள் மாதிரி’ என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. எல்லாரும் இந்தக் கதையை இப்படித்தான் சொல்கிறார்கள். போர் முடிந்தது, ஆர்டர் நின்றது, புத்திசாலிகள் சிலர் சைக்கிளுக்கு மாறினார்கள், ஊர் பிழைத்தது. பி.எச். என்ற கம்பெனி 1909ல் துப்பாக்கிப் பட்டறையாகத் தொடங்கி 1920களில் சைக்கிளுக்கு வந்தது உண்மைதான். ரிவால்வர் செய்த எல் காஸ்கோ கம்பெனி 1934ல் ஸ்டேப்ளர் செய்தது. ஆனால் மாற்றியது யாருடைய கை?

அந்த ஊரில் ஒரு வீட்டில் துப்பாக்கிக் குழல் துளைப்பார்கள், இன்னொரு வீட்டில் ஸ்பிரிங் செய்வார்கள். எஃகின்மேல் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல் போட்டு, அதில் தங்க இழையை வைத்துச் சுத்தியால் தட்டிப் பதிக்கிறவர்களும் இருந்தார்கள். கண்ணுக்கே சரியாகத் தெரியாத அந்தக் கீறல்தான் தங்கத்தைப் பிடித்து வைத்திருக்கும். இந்தக் கைகளுக்கு சைக்கிள் என்ன, ஸ்டேப்ளர் என்ன? இந்த வித்தை அப்பனோடு போய்விடக் கூடாது என்று 1913லேயே ஆயுதத் தொழில் பள்ளியைத் திறந்துவிட்டார்கள்.

அப்புறம், நீங்கள் ஒரு வரிகூட எழுதாத ஆல்ஃபா. 1920ல் பெரிய வேலைநிறுத்தம். அதற்குப் பிறகு உலோகத் தொழிலாளர் சங்கத்துக்காரர்கள் சேர்ந்து சொந்தமாக ஒரு கூட்டுறவு ஆலை தொடங்கினார்கள். அதுதான் ஆல்ஃபா. சோஷலிஸ்டான தொரிபியோ எச்செவர்ரியா அதை நடத்தினார். முதலில் அவர்களும் துப்பாக்கிதான் செய்தார்கள். சில வருடங்களில் தையல் மெஷினுக்கு மாறினார்கள். எந்த முதலாளி வந்து இதைச் சொல்லிக்கொடுத்தார்? 1931 ஏப்ரல் 14 விடியற்காலையில், மாட்ரிட்டுக்கும் பார்சிலோனாவுக்கும் முன்னால், ஸ்பெயினில் முதலில் குடியரசை அறிவித்த ஊரும் இதுதான். சொந்த ஆலையைத் தாங்களே நடத்திய ஊருக்கு அந்தத் துணிச்சல் வந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை.

அதற்கு விலையும் கொடுத்தார்கள். 1937ல், உள்நாட்டுப் போரில், குடியரசுக்கு எதிரான பிராங்கோ தரப்பு குண்டு போட்டு ஊரை நொறுக்கியது. எச்செவர்ரியா நாடுகடந்து வெனிசுவேலாவில் வாழ்ந்து மறைந்தார். இருந்தும் அந்தப் பழக்கம் போகவில்லை. 1840லிருந்து துப்பாக்கி செய்து சைக்கிளுக்கு வந்த ஓர்பேயா, 1960களின் முடிவில் மூடும் நிலைக்குப் போனபோது அதையும் தொழிலாளர்களே கூட்டுறவாக எடுத்துக்கொண்டார்கள். இன்றும் அது பக்கத்து ஊரான மல்லாபியாவில் சைக்கிள் செய்கிறது.

ஆர்டர் இல்லாத பட்டறையில் சும்மா உட்கார்ந்திருப்பது எவ்வளவு கொடுமை என்று எனக்குத் தெரியும். உங்கள் கடிதத்தில் அந்த ஒரு வரியைத் தாண்ட எனக்கு நேரமாயிற்று. அதனால் அடுத்த கடிதத்தில் கால்பந்து வேண்டாம். உங்கள் ஊரில் எத்தனை லேத் ஓடுகிறது, எத்தனை நிற்கிறது, அவை யார் பேரில் இருக்கின்றன, ஓட்டுகிறவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்கிறார்களா என்று எழுதுங்கள்.