ஸ்பெயினின் கிரனாடாவில் உள்ள அல்ஹம்பிரா கோட்டை வளாகத்தின் டிக்கெட்டில் 10:30 என்று இருந்தால் அதற்கு முன் உள்ளே போகலாமா?

போகலாம். அந்த 10:30 வளாகத்துக்குள் இருக்கும் நஸ்ரிட் அரண்மனைகளுக்கு மட்டும்தான். காலையிலேயே போய் அல்கசாபா கோட்டையைப் பார்த்துவிடுங்கள். டிக்கெட்டில் அந்த ஒரு நேரத்தைத்தான் பெரிதாகப் போடுகிறார்கள், குழப்பம் அதனால்தான் வந்திருக்கும்.

டிக்கெட்டில் 'பாலசியோஸ் நசரியேஸ்' (Palacios Nazaríes, நஸ்ரிட் அரண்மனைகளின் ஸ்பானியப் பெயர்) என்ற சொற்கள் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். தோட்டங்களுக்கும் அல்கசாபாவுக்கும் மட்டுமான டிக்கெட்டும் உண்டு, அதை வைத்து அரண்மனைக்குள் போக முடியாது.

ஆனால் அரண்மனைக்கான அந்த 10:30 தவறினால் அவ்வளவுதான், உள்ளே விடமாட்டார்கள். ஹெனரலீஃபே தோட்டங்களின் பக்கத்து வாசலிலிருந்து அரண்மனைக்கு நல்ல நடை இருக்கிறது, அதனால் 10:15க்கே வரிசையில் நின்றுவிடுங்கள். பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

அப்புறம், அரண்மனைக்குள் இருக்கும் சிங்க முற்றத்தில் அவசரப்படாதீர்கள். அங்கே நீரூற்றைத் தாங்கும் 12 பளிங்குச் சிங்கங்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள், ஒன்று போல் இன்னொன்று இருக்காது.