கல்லாவும் நிலவறையும்: கடை நடத்தும் விளையாட்டுகள் பற்றிக் கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் மளிகைக் கடைக் கல்லாவில் பன்னிரண்டு வயதில் உட்கார ஆரம்பித்தவன் நான். பகலில் கடை, இரவில் கணினி விளையாட்டு என்று வளர்ந்தேன். கடை நடத்துவது, பொருள் செய்வது, நிலவறைக்குள் இறங்கிச் சண்டையிடுவது ஆகிய மூன்றும் சேர்ந்த ஆர்பிஜி (கதையில் ஒரு பாத்திரமாகவே மாறி ஆடும்) விளையாட்டுகள் பற்றி வட்டாரத்து நண்பர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

அண்ணா, எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்துவிட்டேன். இந்த வகையில் எதையும் ஆடியதில்லை. எதில் தொடங்கலாம்?

மூன்லைட்டரில் தொடங்கு, தம்பி. ஸ்பெயினின் டிஜிட்டல் சன் குழு உருவாக்கி 2018-இல் வெளிவந்தது. நாயகன் வில் பகலில் கடைக்காரன். இரவில் வாளோடு நிலவறைக்குள் இறங்குவான். அங்கே கிடைத்த பொருளுக்கு என்ன விலை என்று யாரும் சொல்லித் தரமாட்டார்கள். நீயே ஒரு விலை வைத்துவிட்டு, எடுத்துப் பார்க்கிறவரின் முகத்தைக் கவனிக்க வேண்டும். முகம் அளவுக்கு மீறி மலர்ந்தால் மலிவாகக் கொடுத்துவிட்டாய். கோபப்பட்டால் பொருள் மேசையிலேயே கிடக்கும். வாடிய முகத்தோடு வாங்கிப் போனால் அன்றைக்கு லாபம்தான், ஆனால் அந்தப் பொருளைத் தேடி வருகிறவர்கள் குறைவார்கள். என் அப்பா கருவாட்டுக்கு விலை சொல்லும்போது தராசைப் பார்க்கமாட்டார்; எதிரில் நிற்பவரின் புருவத்தைத்தான் பார்ப்பார். அதை ஒரு விளையாட்டில் கண்டபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

கொண்டுவந்ததை விற்றால் காசு. வைத்துக்கொண்டால் கொல்லன் பட்டறையில் வாளாகும். இந்த இழுபறிதான் இதன் உயிர். ஒன்றை மறக்காதே: நிலவறையில் விழுந்துவிட்டால் பையின் முதல் வரிசையில் இருக்கும் ஐந்து இடங்கள் மட்டுமே மிஞ்சும். அரிய பொருளை அங்கே வை.

தம்பி, நான் ஹீவூட் தோட்டத்துப் பக்கம் பலகாரக் கடை நடத்துகிறேன். சண்டையைவிட பேரம் பேசுவதுதான் பிடிக்கும்.

அக்கா, உங்களுக்காகவே செய்ததுபோல் ஒன்று இருக்கிறது: ரெசெட்டியர். ஜப்பானில் 2007-இல் வந்தது, ஆங்கிலத்தில் 2010-இல். அப்பா கடனை வைத்துவிட்டு எங்கோ போய்விட, ரெசெட் என்ற சிறுமி வீட்டையே கடையாக்கி 8,20,000 பிக்ஸ் (அந்த விளையாட்டின் காசு) கடனை அடைக்க வேண்டும். வாரத் தவணைகள் 10,000, 30,000, 80,000, 2,00,000, 5,00,000 என்று ஏறிக்கொண்டே போகும். கடைசித் தவணை நெஞ்சை அழுத்தும்.

நிலவறைக்கு அவள் தனியாகப் போவதில்லை. ஒரு வீரனைக் கூலிக்கு அமர்த்தி அழைத்துப் போவாள். அவனே மறுநாள் வாடிக்கையாளனாகவும் வருவான். அவனிடம் நல்ல வாளை விற்றால் அடுத்த முறை அந்த வாளோடு உங்களுக்காகச் சண்டையிடுவான்.

எல்லாரிடமும் உச்ச விலைக்குப் பிடிவாதம் பிடிக்காதீர்கள். நியாய விலையில் தொடர்ந்து விற்றால் நெருக்கம் கூடி, அவர்கள் அதிகப் பணத்தோடு திரும்பி வருவார்கள். சம்பளம் போடும்வரை 555 என்ற சின்னக் கடன் புத்தகத்தில் எழுதிக்கொண்டு அரிசி கொடுத்த கடைகளைத் தோட்டத்து மக்கள் கைவிடவில்லை. அதே கணக்குதான் இங்கும். தவணை தவறினால் தொடக்கத்துக்குத் திரும்புவீர்கள். ஆனால் சேர்த்த சரக்கும் அனுபவமும் கூடவே வரும்.

பொருள் செய்வதில் ஆழமாக எது?

அட்டெலியே வரிசை. முதல் விளையாட்டு 1997-இல் வந்தது. அதன் புதிய வடிவம் 2023-இல் வெளியானது. ரசவாதப் பள்ளியில் கடைசி மாணவியான மேரிக்கு ஆசிரியை ஒரு பட்டறையையும் ஐந்து ஆண்டு அவகாசத்தையும் கொடுக்கிறார். மூலிகை தேடிப் போய்வரும் நாள்களும் அந்த அவகாசத்தில் கழியும். கல்லாவில் உட்காரும் சுகம் இதில் குறைவு.

என் பத்து வயது மகளோடு சேர்ந்து ஆட வேண்டும். கடன், தவணை என்ற நெருக்கடி வேண்டாம்.

ஸ்டார்டியூ வேலி என்ற பண்ணை விளையாட்டு, அக்கா. எரிக் பரோன் என்ற ஒருவரே உருவாக்கி 2016-இல் வெளிவந்தது. கடை உங்களுடையதல்ல, விளைந்ததை விற்கலாம். ஆனால் 120 தளங்கள் கொண்ட சுரங்கம் இருக்கிறது. ஐந்து தளங்களுக்கு ஒருமுறை மின்தூக்கி நிற்கும் என்பதால் பிள்ளை தூங்கப் போகும் நேரத்தில் நிறுத்துவது எளிது. நீங்கள் தண்ணீர் ஊற்ற, அவள் தாது வெட்டிக்கொண்டு வரட்டும்.

கைப்பேசியில் இலவசமாக இருக்கிறதா?

ஷாப் டைட்டன்ஸ் இருக்கிறது. நிலவறைக்கு நீங்கள் போவதில்லை. வீரர்களை அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். காத்திருப்பைக் குறைக்கப் பணம் கேட்கும். நான் பரிந்துரைக்கமாட்டேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியன் நான். கடைக்காரனை நாயகனாக்கும் எண்ணம் எப்போது வந்தது?

ஐயா, 1990-இல் ஜப்பானில் வெளிவந்த டிராகன் குவெஸ்ட் நான்காம் பாகத்தைப் பாருங்கள். அதன் மூன்றாம் அத்தியாயம் முழுக்க டோர்னெகோ என்ற வியாபாரியின் கதை. ஆயுதக் கடையில் தினக்கூலிக்கு நிற்கிறார். காலையில் மனைவி சோறு கட்டிக் கொடுக்கிறார். குகைகளில் கிடைத்ததை விற்றுக் காசு சேர்த்து, வேறு ஊரில் சொந்தக் கடை வாங்குகிறார். அதன்பின் மனைவி கடையில் விற்பார். இவர் சரக்கு தேடிப் போவார். எங்கள் வீட்டில் அப்பா ஈப்போவுக்குச் சரக்கெடுக்கப் போகும் நாள்களில் அம்மாதான் கல்லாவில் இருப்பார். அந்த அத்தியாயத்தை நான் மூன்று முறை ஆடியிருக்கிறேன்.