பிக் டென் லக்ராஸுக்கு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஏன் தேவைப்பட்டது?

பிக் டென் என்பது அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் விளையாட்டுக் கூட்டமைப்பு, அதாவது ஒரு கான்ஃபரன்ஸ். லக்ராஸ், வலை பொருத்திய மட்டையால் பந்தைப் பிடித்து எறியும் ஆட்டம். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் அந்தக் கூட்டமைப்புக்கு வெளியே இருந்த பல்கலைக்கழகம். அது தேவைப்பட்டதற்கு எண்ணிக்கைதான் காரணம். ஒரு கான்ஃபரன்ஸின் சாம்பியன், கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பின் தேசியத் தொடருக்கு நேரடியாகத் தகுதி பெற, அதில் ஆறு அணிகளாவது ஆட வேண்டும். பிக் டென் பல்கலைக்கழகங்களில் பென் ஸ்டேட்டும் ஒஹாயோ ஸ்டேட்டும் ஏற்கெனவே ஆடிவந்தன. மிச்சிகன் கிளப் நிலையிலிருந்து உயர்ந்து 2012இல் களமிறங்கியது. 2014இல் மேரிலாந்தும் ரட்கர்ஸும் பிக் டென்னில் சேர்ந்தன. அப்போதும் ஆண்கள் பிரிவில் ஐந்துதான். ஆறாவதாக, லக்ராஸுக்கு மட்டுமான இணை உறுப்பினராக ஜான்ஸ் ஹாப்கின்ஸ் வந்த பிறகே 2015 சீசன் சாத்தியமானது. ஆனால் சரியாக ஆறே இருப்பது ஆபத்து: ஒரு அணி விலகினாலே அந்த நேரடி இடம் ஆட்டம் காணும்.

புதிதாக அணி தொடங்கும் கல்லூரிகள் அவசரப்படக் கூடாது. பதினோராம் வகுப்பின் செப்டம்பர் 1க்கு முன் பயிற்சியாளர் மாணவரிடம் ஆள்சேர்ப்புப் பேச்சு நடத்த விதி இடம்தராது. அதனால் பயிற்சியாளரை முதல் ஆட்டத்துக்கு ஒன்றரை ஆண்டு முன்னதாகவே நியமிப்பது நல்லது. ஆண்கள் அணி மட்டும் போதும் என்றால், கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் டைட்டில் ஒன்பது சட்டம் குறுக்கே வரலாம். மிச்சிகன் 2014இல் பெண்கள் அணியையும் இறக்கியது.