கண்ணை அசைத்தால் அண்ணாவை மறந்துவிடுவேனா?

கேள்வி: 2009இல் எனக்கு 14 வயது. முள்ளிவாய்க்காலில் பங்கருக்குப் பக்கத்தில் விழுந்த செல்லில் சித்தி என் கண் முன்னாலேயே இறந்தா. அண்ணா எங்கே என்று இன்றுவரை தெரியாது. இப்போது சாவகச்சேரியில் கணவர், மகளோடு இருக்கிறேன். திருவிழாவில் வெடி கொளுத்தினால் கை கால் விறைத்துவிடும். இரவில் நித்திரை இல்லை. லண்டனில் இருக்கும் மச்சாளுக்குக் கார் விபத்துக்குப் பிறகு இருந்த பயம் ஈ.எம்.டி.ஆர். என்ற கண் அசைவுச் சிகிச்சையால் போய்விட்டதாம். யூடியூப்பில் ஓடும் புள்ளியைப் பார்த்து நானே செய்யலாம் என்கிறா. செய்தால் அண்ணாவை மறந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. நடந்ததையெல்லாம் இன்னொருவரிடம் சொல்லவும் என்னால் முடியாது.

பதில்: அன்பின் தங்கச்சி, அண்ணாவிலிருந்தே தொடங்குகிறேன். உங்களை அதிகம் அரிப்பது அதுதான் என்று கடிதத்திலேயே தெரிகிறது. மறக்கமாட்டீர்கள். இந்தச் சிகிச்சை எந்த நினைவையும் அழிப்பதில்லை. வெடிச் சத்தம் கேட்டதும் செல் இப்போதே, இங்கேயே விழுகிறது என்று உடம்பு விறைக்கிறதே, அதைத்தான் குறைக்கப் பார்க்கிறது. சித்தியை நினைத்தால் பிறகும் அழுகை வரும். ஆனால் அது 2009இல் நடந்தது என்று உடம்புக்கும் விளங்கியிருக்கும். அண்ணாவின் விஷயம் வேறு. அது நடந்து முடிந்த சம்பவம் அல்ல, பதில் வராத கேள்வி. அந்தத் துயரத்தைச் சிகிச்சையால் முடித்துவைக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒழுங்காக நித்திரை கொண்டு எழும்பினால் அவரைத் தேடவும் கொஞ்சம் தெம்பு இருக்கும். அவ்வளவுதான் நான் சொல்லக்கூடியது.

சரி, இது மந்திரமா? இல்லை, மயக்கி வைத்துச் செய்வதும் இல்லை. அமெரிக்காவில் பிரான்சின் ஷாப்பிரோ என்பவர் 1987இல் பூங்காவில் நடக்கும்போது, கண்கள் அங்குமிங்கும் அசைய மனதை உறுத்திய நினைவின் வேகம் குறைவதைக் கவனித்தார். அதை ஒரு முறையாக வளர்த்து 1989இல் ஆய்வாக வெளியிட்டார். சிகிச்சையாளர் உங்களுக்குச் சற்றுப் பக்கவாட்டில் உட்கார்ந்து இரண்டு விரல்களை இடமும் வலமுமாக அசைப்பார். தலையைத் திருப்பாமல் கண்ணால் மட்டும் பின்தொடர வேண்டும். அந்த நேரத்தில் மோசமான அந்த ஒரு காட்சி மனதில் இருக்கும். அரை நிமிடம் போல ஓடியதும் நிறுத்தி, "மூச்சை விடுங்கோ, இப்ப என்ன வருது?" என்று கேட்பார். தொண்டை இறுகுது என்று ஒரு சொல் சொன்னாலே போதும். மறுபடி விரல் அசையும். இடையிடையே வேதனை 0இலிருந்து 10க்குள் எவ்வளவு என்று கேட்பார். ஆக, முழுக் கதையையும் நீங்கள் சொல்லியே ஆகவேண்டும் என்றில்லை. உங்களைப் போல வாய் திறந்து சொல்ல முடியாதவர்களுக்கு இந்த முறையில் எனக்குப் பிடித்ததே இதுதான்.

கண் அசைவு உண்மையிலேயே அவசியமா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாக்குவாதப்படுகிறார்கள். பலர் சொல்லும் விளக்கம் இது: விரலையும் பார்த்து, காட்சியையும் நினைக்கும்போது மனம் இரண்டிலும் முழுதாக நிற்க முடியாது. காட்சி மங்குகிறது, மங்கியபடியே திரும்பப் பதிகிறது. விளக்கம் எதுவானாலும் பலருக்குப் பலன் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் 2013இல் இதைப் பரிந்துரைத்தது.

யூடியூப் மட்டும் வேண்டாம். எட்டுக் கட்டங்கள் உள்ள சிகிச்சை இது. கண் அசைவு நான்காவதில்தான் வரும். அதற்கு முன்பு உங்கள் கதை எவ்வளவு பாரம், பதற்றம் கூடினால் எப்படித் தணிப்பது என்றெல்லாம் பார்த்துப் பழக்குவார்கள். அதை விட்டுவிட்டு மகள் நித்திரையான பிறகு போனில் புள்ளியைப் பார்க்கத் தொடங்கினால், சித்தியின் காட்சியோடு நீங்கள் எதிர்பாராத வேறு காட்சிகளும் வரலாம். அப்போது நிறுத்தச் சொல்லப் பக்கத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். மச்சாளுக்கு ஒரு விபத்து. உங்களுக்கு மாதக்கணக்கில் நடந்தது. அவவை விட உங்களுக்குக் கூட நாள் எடுக்கும், அதை வைத்து மனம் விடவேண்டாம்.

யாழ். போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கோ, சாந்திகம் உளவள நிலையத்துக்கோ ஒருக்கா போங்கள். "மனவடுச் சிகிச்சையில் பயிற்சி எடுத்தவர் இருக்கிறாரா?" என்று நேரடியாகவே கேளுங்கள், கேட்பதில் வெட்கமில்லை. கண் அசைவு முறை தெரிந்தவர் கிடைக்காவிட்டால் மனவடுவை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையை, அதாவது எண்ணங்களையும் நடந்துகொள்ளும் விதத்தையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சையை, கேளுங்கள். 2013இல் அதுவும் சேர்த்தே பரிந்துரைக்கப்பட்டது. இரவில் தாங்கமுடியாமல் போனால் 1926க்கு எடுக்கலாம், தேசிய மனநல உதவி இலக்கம் அது.

திருவிழாவுக்கு முன் கணவரை அனுப்பி, வெடி எத்தனை மணிக்கு என்று கோயிலில் விசாரித்து வையுங்கள். எதிர்பார்த்த சத்தம் அவ்வளவு தூக்கிப்போடாது. வலிப்போ கண் வருத்தமோ இருந்தால் சிகிச்சையாளரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். நித்திரைக் குளிசை எடுப்பவராக இருந்தால் நீங்களாக நிறுத்தாமல், கிளினிக் கொப்பியைக் கையோடு கொண்டு போங்கள்.