அகச்சிவப்புப் படத்தில் ஒரு பொட்டு

கேள்வி: சூடான பொருள் அகச்சிவப்புப் படத்தில் பளிச்சென்று தெரியும் என்கிறார்கள். அப்படியிருக்க, தொலைவில் பறக்கும் சிறு விமானத்தைக் கணினி கண்டுபிடிப்பது ஏன் கடினம்?

பதில்: பளிச்சென்று தெரிபவற்றுள் எது விமானம் என்று முடிவு செய்வதுதான் கடினம். ஒரு பிக்சல் 10 கிலோமீட்டர் தொலைவில் 1 மீட்டர் அகலத்தைப் பார்க்கும்படி அமைந்த கேமராவில், 3 மீட்டர் அகலமுள்ள பொருள் மூன்று பிக்சல் அகலத்துக்குள் அடங்கிவிடும். லென்ஸைக் கடக்கையில் ஒளி சற்றே பரவுவதால் அதுவும் மங்கிய பொட்டாகவே விழும். இறக்கை, வால் என்று பிரித்தறிய வடிவம் எதுவும் மிஞ்சாது. வெயில் படும் மேக விளிம்பும், கடலலையின் மினுக்கமும், சென்சாரில் பழுதான ஒற்றைப் பிக்சலும் ஏறத்தாழ இதே தோற்றம் தருவதால், இலக்கைத் தேடும் வேலை பெரும்பாலும் பின்னணியைப் புரிந்துகொள்ளும் வேலையாகிவிடுகிறது.

பழைய வழிமுறைகள் இலக்கைவிடச் சற்றுப் பெரிய சாளரத்தை, அதாவது சில பிக்சல் அகலமுள்ள சிறு கட்டத்தை, படமெங்கும் நகர்த்திப் பின்னணியை மதிப்பிட்டு, அதை மூலப்படத்திலிருந்து கழித்து, எஞ்சும் பொட்டுகளை எடுத்துக்கொள்கின்றன. சீரான வானத்தில் இது நன்றாகவே வேலை செய்யும். கிழிந்த மேகங்கள் வந்தால் விளிம்புகளும் எஞ்சிவிடும். 640க்கு 512 பிக்சல் கொண்ட கேமரா நொடிக்கு 30 படம் எடுத்தால் ஏறத்தாழ 98 லட்சம் பிக்சல்களைச் சோதிக்க வேண்டும். பத்து லட்சத்தில் ஒன்று மட்டுமே தவறினாலும் நொடிக்குப் பத்து பொய் எச்சரிக்கைகள் எழும்! ஆகவே, எத்தனை இலக்குகளைப் பிடித்தது என்று மட்டும் விளம்பரப்படுத்தும் கருவியை நான் நம்பமாட்டேன். தொடர்ந்து வரும் பல படங்களில் ஒரு பொட்டு சீரான பாதையில் நகர்கிறதா என்று பார்த்தால், இடம் மாறி மாறித் தோன்றும் மினுக்கங்களில் பெரும்பாலானவை கழிந்துவிடும்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவு இதைத் தீர்த்துவிட்டதா?

பதில்: முழுமையாக இல்லை. செயற்கை நுண்ணறிவில் இதற்குப் பயன்படுபவை நரம்பு வலையமைப்புகள், அதாவது மாதிரிப் படங்களைக் கொண்டு பயிலும் கணினி நிரல்கள். அவற்றுள் பொதுவானவை படத்தை அடுக்கடுக்காகச் சுருக்கிப் பார்ப்பவை. நான்கு முறை பாதியாகச் சுருக்கினால் 16 பிக்சல் அகலம் ஒரு பிக்சலாகிவிடும். மூன்று பிக்சல் பொட்டு அதற்குள் கரைந்துபோகும். இதனால்தான் இப்பணிக்கென உருவாக்கப்படும் வலையமைப்புகள், சுருக்குவதைக் குறைத்தோ, தொடக்க அடுக்குகளின் நுண்விவரங்களை ஆழமான அடுக்குகளோடு மீண்டும் மீண்டும் இணைத்தோ அமைக்கப்படுகின்றன. ஆயினும், கடற்பரப்பில் பயின்ற வலையமைப்பை மலைப்பகுதிக்குக் கொண்டுசென்றால் அது வெயிலில் சுட்ட பாறைகளை இலக்கென்று காட்டக்கூடும்.